மணல் வீட்டுக் குளிர் அறை

— அப்ப என் கணவாய் மீனையெல்லாம் என்ன பண்ணச் சொல்றீங்க, காகித டாக்டரம்மா? கடல்லயே திரும்ப விட்டு, பொழச்சுப் போங்கடான்னு சொல்லவா?

— கிண்டல் பண்ணாதீங்க, ஷ்பிரோ ஐயா. உங்க மீன் கம்பெனியில எனக்கு ஒரே ஒரு குளிர் அறை போதும். வேன் வாசல்லதான் நிக்குது. மழையில நூலகத்து நிலவறை ரொம்பிடுச்சு. லோவ்ரே மிர்கோசா கைப்பட எழுதின அத்தனை நாவலும் அதுக்குள்ளதான் இருந்துச்சு. எல்லாம் தொப்பலா நனைஞ்சு கிடக்கு.

— நனைஞ்சா காய வைங்க. மழைதான் விட்டுடுச்சே. கயித்துல வரிசையாத் தொங்கவிட்டீங்கன்னா இந்த வடக்கத்திக் காத்து உலர்த்திடும்.

— அப்படிக் காய வச்சா பக்கத்தோட பக்கம் ஒட்டிக்கும். ரெண்டு நாள்ல பூஞ்சை பிடிக்கும். மை வேற கலங்க ஆரம்பிச்சிடுச்சு. உறைய வச்சுட்டா எல்லாம் அப்படியே நிக்கும். அப்புறமா தலைநகர் ஸாக்ரெப்புக்குக் கொண்டுபோய், காத்தை உறிஞ்சற பெட்டிக்குள்ள வைப்போம். அங்க ஐஸ் தண்ணியாகாமலே ஆவியாப் போயிடும். எழுத்து இருந்த இடத்துலயே இருக்கும்.

— ஸ்ப்லித்ல பெரிய பெரிய ஐஸ் கம்பெனியெல்லாம் இருக்கே. அங்க போறது!

— ரோடு மூழ்கிடுச்சுங்க. இந்தப் பக்கத்துல உங்களை விட்டா வேற வழியே இல்ல.

— ஆக, வழியில்லாமதான் எங்க படி ஏறினீங்க. உங்க பேரு என்ன சொன்னீங்க? நேதாவா? ஏன் நேதாம்மா, இந்த ஊர்ல எங்க குடும்பத்துக்கு என்ன பேருன்னு தெரியுமா?

— தெரியும்.

— சொல்லுங்களேன்.

— அது எதுக்குங்க இப்ப?

— சும்மா சொல்லுங்க, நான் கடிக்க மாட்டேன்.

— மணல் வீட்டுக்காரங்க.

— ஆங்! யாரு வச்ச பேரு? உங்க வேன்ல நனைஞ்சு படுத்திருக்கானே, அந்த எழுத்தாளன் வச்ச பேரு. எங்க எள்ளுத் தாத்தா உப்பு வியாபாரி. அவரு உப்புல மணலைக் கலந்தாராம். மத்தி மீன் பீப்பா பூரா அழுகிப்போச்சாம். குளிர்காலம் முழுக்க ஊரே பட்டினி கிடந்துச்சாம். நாவல்ல பேரை மட்டும் ரோக்கோன்னு மாத்தினான். மூக்கை மாத்தினானா? இந்தா, நல்லாப் பாருங்க. பக்கம் பக்கமா எழுதியிருக்கானே, அதே மூக்கு!

— நெஜமாவே கலந்தாரா?

— யாருக்குத் தெரியும்? கலந்தே இருந்தாலும், ஒரு தலைமுறை திட்டிட்டு மறந்திருப்பாங்க. இந்த ஆளு எழுதித் தொலைச்சிட்டானே! பள்ளிக்கூடத்துல அந்தப் பாடம் வந்தா வாத்தியார் என்னைத்தான் எழுப்பிப் படிக்கச் சொல்வாரு. என் கல்யாண விருந்துல என் மாமனாரு உப்புக் கிண்ணத்தைத் தூக்கி வெளிச்சத்துல பாத்துட்டுத்தான் போட்டுக்கிட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன். வேற என்ன பண்றது?

— அதுக்கப்புறம் அந்தப் புத்தகத்தை நீங்க கையால தொட்டிருக்க மாட்டீங்க.

— யாரு சொன்னா? கேளுங்க. 'ரோக்கோ உப்பை அள்ளி இரு விரல்களுக்கிடையே தேய்த்தான். காதருகே கொண்டுபோய் அதன் சத்தத்தைக் கேட்டான். பிறகு, அப்போதுதான் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியாரைப் போலப் புன்னகைத்தான்.' எப்படி?

— ஒரு எழுத்துகூட பிசகலையே!

— எங்கப்பா அப்படித்தாம்மா செய்வாரு, உப்பைக் காதுகிட்ட கொண்டுபோய். அவரு அந்தப் புத்தகத்தைப் பிரிச்சதே கிடையாது. அவரு பொறக்கறதுக்கு முன்னாடியே செத்துப்போன எழுத்தாளன், எங்கப்பன் கையை எங்க பாத்தான்? திட்டறதுக்கும் ஒரு கை வேணும். கண்டவன் திட்டினா காதோட போயிடும். இவன் திட்டினது எங்க வீட்டுக்குள்ளயே வந்து உக்காந்துக்கிச்சு.

— நான் ஒண்ணு சொல்லட்டுமா? கதாநாயகன் வர்ற பக்கமெல்லாம் கைப்பிரதியில சுத்தமா இருக்கும். ஒரே மூச்சுல எழுதித் தள்ளியிருக்கார். ரோக்கோகிட்டதான் மனுஷன் மல்லுக்கட்டியிருக்கார். அடிச்சு, மேல எழுதி, அதையும் அடிச்சு, ஓரத்துல எழுதி, இடம் பத்தாம துண்டுத்தாள் ஒட்டி...

— எங்க ஆளுக்கா அவ்வளவு?

— உங்க ஆளுக்குத்தான். அந்தக் காலத்து மையில இரும்பு இருக்கும். நாளாக நாளாகத் தாளை அரிக்கும். எங்க அதிகமா அடிச்சு எழுதினாரோ அங்கதான் அதிகமா அரிச்சிருக்கு. சில இடத்துல வார்த்தையே ஓட்டையா உதிர்ந்து விழுந்திருக்கு. பின்பக்கம் பூச்சி றெக்கை மாதிரி மெல்லிசான தாளை வச்சு, மூச்சை அடக்கிக்கிட்டு, நாலு வருஷமா ஒட்டிக்கிட்டு வர்றேன். ரோக்கோவை அவ்வளவு கிட்டத்துல பாத்தவங்க என்னைத் தவிர யாருமில்ல.

— பாத்தா எப்படி இருக்கான்?

— முதல்ல வெறும் அயோக்கியன். அப்புறம் அதையெல்லாம் அடிச்சிட்டு, காய்ச்சல்ல கிடக்கற மகளுக்கு ராத்திரி பூரா சூப் ஊட்டறதா எழுதினார். அந்த ஒரு கிண்ணத்துக்கு மட்டும் நல்ல உப்பு.

— அந்த இடத்தைத்தானே நான் திரும்பத் திரும்பப் படிக்கறது! பாவிப் பய. ரோக்கோவை மன்னிக்கவும் மாட்டான், நம்மளை வெறுக்கவும் விட மாட்டான்.

— அந்தப் பக்கம்தான் ஐயா இப்ப முதல்ல அழிஞ்சு போகப்போகுது. அங்கதான் தாள் ரொம்ப நொந்து கிடக்கு.

— போனா எங்களுக்கு நல்லதுதானே?

— உங்களைத் தாஜா பண்ண நான் வரல. அச்சுப் புத்தகம் ஊரெல்லாம் இருக்கு. இது அழிஞ்சாலும் உங்க பேரு மாறாது. ஆனா அச்சுல ரோக்கோ மட்டும்தான் இருக்கான். அவனை உண்டாக்க ஒரு மனுஷன் பட்ட பாடு இருக்கே, அது இந்தத் தாள்ல மட்டும்தான் இருக்கு. அதைப் பாத்துட்டு என்னால சும்மா வீட்டுக்குப் போக முடியல.

— எதுல வச்சுக் கொண்டாந்திருக்கீங்க?

— கட்டு கட்டா மெழுகுத்தாள்ல சுத்தி, அட்டைப் பெட்டியில.

— அட்டைப் பெட்டியிலயா? ஈரத்துல அடி விட்டுடும்மா! நம்ம பிளாஸ்டிக் மீன் தட்டுல மாத்துங்க. நெருக்கி அடுக்காதீங்க, குளிர் நாலு பக்கமும் பூந்து வரணும். மெதுவா உறைஞ்சா ஐஸ் முள்ளு முள்ளா வளர்ந்து மீன் சதையைக் கிழிச்சிடும்.

— தாளையும் அப்படித்தான் கிழிக்கும். அப்ப, தர்றீங்களா? அறையைக் காலி பண்ண எவ்வளவு நேரமாகும்? நான் வேணா ஆள் கூட்டிட்டு வர்றேன், நானும் தூக்கறேன்...

— முதலாளி!

— என்ன மாரே? டாக்டரம்மாகிட்ட பேசிக்கிட்டிருக்கேன்ல.

— மூணாம் நம்பர் அறை மைனஸ் முப்பதைத் தொட்டாச்சு. ஏத்தறதுன்னா இப்பவே ஏத்துங்க. விடியக்காலையிலேர்ந்து வினிகர் போட்டுத் தேச்சு என் கையே வெந்துபோச்சு. இனிமே மீன் வாடை அடிச்சுதுன்னா என்னை வேலையை விட்டுத் தூக்குங்க. கணவாயை வீடு வீடாக் குடுத்து முடிச்சாச்சு. தெருவே வறுத்துத் தின்னுக்கிட்டிருக்கு.

— ஐயா! நான் வர்றதுக்கு முன்னாடியே காலி பண்ணிட்டீங்களா? அப்புறம் எதுக்கு என்னை இவ்வளவு நேரம் கெஞ்ச விட்டீங்க?

— கழுவின அறை குளிர வேணாமா? அதுவரைக்கும் அவனைப் பத்திப் பேசலாமேன்னு பாத்தேன். இந்த ஊர்ல என்கிட்ட யாரு அவனைப் பத்திப் பேசறாங்க?

— ஆனா, யாருமே வந்து கேக்காம...

— நூலகத்து நிலவறையில எங்க வீட்டு ஆளு தண்ணியில கிடக்கான்னு காலையில ரேடியோவுல சொல்றான். யாராவது வந்து கேக்கட்டும்னா உக்காந்திருப்பேன்?