கட்டைவிரல் போதும்

இழைத்த பலகை வழவழப்பாக இருக்கிறதா என்று நான் கண்ணால் பார்ப்பதில்லை. கட்டைவிரலை வைத்து ஓர் இழுப்பு இழுத்தால் போதும். கண் வெளிச்சத்துக்குத் தகுந்தபடி பொய் சொல்லும், விரல் சொல்லாது. பட்டறைக்கு வேலைக்கு வருகிற எல்லோருக்கும் இதுதான் நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம். என் தம்பிக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். சீக்கிரமே பிடித்துக்கொண்டான்.

நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. எனக்கு ஓர் அவசரமும் இல்லை.

அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தபோது அவன் அரைக்கால் சட்டை போட்ட பையன். நான் கல்யாணம்கூடச் செய்துகொள்ளாமல் கண்ணை இமை காப்பதுபோல அவனைக் காத்தேன். எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள். அடித்திருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. அடிக்கிற கைதான் அணைக்கும். அளவுகோலால் அடித்திருக்கிறேன், இடுப்பு வாரால் அடித்திருக்கிறேன். ஒருமுறை பசைச் சட்டியைக் கவிழ்த்துவிட்டான் என்பதற்காக, அடுப்பிலிருந்து இறக்கிய சூடு ஆறுமுன் அந்தச் சட்டியிலேயே அவன் கையை வைத்து அழுத்தினேன். அதற்குப் பிறகு எங்கள் பட்டறையில் சட்டி கவிழ்ந்ததே இல்லை.

வாய் செத்த பிள்ளை அவன். எதிர்த்து ஒரு வார்த்தை வராது. என் கை எப்போதும் அவன் இடது கன்னத்தில்தான் விழும் என்பதால், கை ஓங்கியதுமே முகத்தை வலப்பக்கம் திருப்பித் தரையைப் பார்ப்பான். முடிந்ததும் பக்கத்தில் உட்காரவைத்து மருந்து தடவிவிடுவேன். வலிக்கிறதா என்று கேட்பேன். அப்படிப் பார்த்துப் பார்த்து வளர்த்த பிள்ளை.

தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன் என்பார்கள். வளர்ந்தான், நானே பெண் பார்த்துக் கட்டியும் வைத்தேன். வந்தவள் நல்ல பெண், வாய் நிறைய மாமா மாமா என்று கூப்பிடுவாள். அவளை நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன்.

அன்றைக்கு வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் ஒரு கதவுச் சட்டத்தில் துளை எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு கையில் உளி, ஒரு கையில் உளியைத் தட்டுகிற கொட்டாப்புளி. தம்பி வந்து எதிரே நின்றான்.

"அண்ணே, நாங்க தனியாப் போறோம். வேற ஊர்ல வேலைக்குச் சொல்லிட்டேன்."

"யாரைக் கேட்டுச் சொன்ன?"

"யாரையும் கேக்கல. பொறக்கப்போற பிள்ளை இந்த வீட்ல வளர வேணாம்ணே."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். வலப்பக்கம் திரும்பவில்லை, தரையைப் பார்க்கவில்லை. நேராக என் முகத்தைப் பார்த்தபடி நின்றான். எனக்கு அது பொறுக்கவில்லை, அதை மறைப்பானேன்.

உளியைக் கீழே வைத்தேன். கூரான பொருள், கோபத்தில் கையில் இருப்பது நல்லதல்ல. கொட்டாப்புளியால் இடது நெற்றிப்பொட்டில் அடித்தேன். முட்டி மடங்கி உட்கார்ந்தான். ஆத்திரத்தில் தெரியாமல் விழுந்த அடி என்று சொல்லச் சொல்லி வக்கீல் கெஞ்சுகிறார். நடந்தது அப்படி இல்லை. உட்கார்ந்த பிறகும் நிமிர்ந்து பார்த்தான், அதனால் மறுபடியும் அடித்தேன். சாய்ந்தும் கண்ணை மூடவில்லை, மறுபடியும் அடித்தேன். காய்ந்த மரத்தின் சத்தம் ஈர மரத்தின் சத்தமாக மாறியபோது நிறுத்திக்கொண்டேன். பிறகு சுவரில் சாத்தியிருந்த கனத்த சட்டங்களை அவன் மேல் சரித்துவிட்டு, ஐயோ தம்பி என்று கத்தினேன். நான்தான் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சட்டை முழுக்க ரத்தம். பார்த்தவர்கள் எல்லோரும், இப்படி ஓர் அண்ணன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றார்கள்.

பிழைத்துக்கொண்டான். கண் திறந்திருந்தது, கை கால் அசையவில்லை, மூச்சுக்குக் கழுத்தில் குழாய் போட்டிருந்தார்கள். உள்ளே நினைவு இருக்கிறதா இல்லையா என்று டாக்டர்களுக்கே பிடிபடவில்லை. அதற்காக ஒரு பெண் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவன் முகத்துக்கு நேரே ஒரு திரை, திரைக்குக் கீழே பென்சில் பெட்டி அளவில் ஒரு கருவி. அவன் கண் போகிற இடமெல்லாம் அவளுடைய கணினியில் ஒரு நீலப் புள்ளியாக ஊர்ந்தது.

"திரையில போற படத்துக்குப் பின்னாலயே பார்வை போச்சுன்னா, உள்ளே ஆள் இருக்காருன்னு அர்த்தம்," என்றாள்.

முதலில் ஒரு சிவப்புப் பந்தை ஓட்டினாள். புள்ளி கொஞ்ச தூரம் தள்ளாடிப் போய்த் தொலைந்தது. அவன் மனைவியின் படம் வந்தது. புள்ளி அந்த முகத்திலேயே ஒட்டிக்கொண்டு திரையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை போனது. பக்கத்தில் நின்ற தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அடுத்து என் படம். பட்டறை வாசலில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிற படம்.

புள்ளி வலப்பக்கம் போய்க் கீழ் ஓரத்தில் நின்றது. திரும்பவும் போட்டுப்பார்த்தாள். வலப்பக்கம், கீழே.

"அண்ணன் படம் வந்தா மட்டும் கண்ணு நழுவுது. களைப்பா இருக்கலாம். பின்தொடரலைன்னா எங்க கணக்குல பாக்கலைன்னுதான் வரும்."

தம்பி மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வருத்தப்படாதீங்க மாமா. சீக்கிரமே உங்களையும் கண்டுக்குவாரு."

கண்டுகொண்டுவிட்டான் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"நாளைக்குக் கேள்வி கேட்டுப் பாப்போம்," என்றாள் இயந்திரக்காரப் பெண். "திரையில ரெண்டு வட்டம் வரும். ஆமான்னா பச்சையைப் பாக்கணும், இல்லைன்னா சிவப்பை."

"எனக்கு ஒரே ஒரு கேள்விதான் கேக்கணும்," என்றாள் தம்பி மனைவி. "அடிபட்ட நாள்லேர்ந்து மனசுல வச்சிருக்கேன்."

என்ன கேள்வி என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை. ஒரு வேலையை எங்கிருந்து தொடங்குவது என்று யோசிப்பதுபோலத்தான் யோசித்தேன்.

மறுநாள் காலையில் அவனுக்குத் துவைத்த சட்டை எடுத்துவர அவள் வீட்டுக்குப் போனாள். பரிசோதனைக்கு நல்லபடியாக இருக்கவேண்டும் என்று ஆசை. நான் கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் முகத்தை இடப்பக்கம் கொண்டுபோனேன், அவன் கண் கூடவே வந்தது. வலப்பக்கம் கொண்டுபோனேன், வந்தது. நிமிர்ந்தேன், நிமிர்ந்தது. துளி நழுவல் இல்லை. இயந்திரக்காரப் பெண் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். பட்டறையில் பார்த்த அதே பார்வை.

தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கட்டைவிரல்களையும் வைத்தேன். இமையை இறுக்கிக்கொண்டான். அதுவும் நினைவு இருப்பதற்கு அடையாளமாம், பிறகு டாக்டர் சொன்னார். நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தவேண்டியிருந்தது, அவ்வளவுதான். கழுத்துக் குழாயில் காற்று சீறியது. தலைமாட்டு இயந்திரம் கத்தியது, அவன் கத்தவில்லை. வழவழப்பு போய் விரல் உள்ளே இறங்கியதும் எடுத்துவிட்டேன். நர்ஸ் ஓடிவந்தபோது கைக்குட்டையில் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் ஒரேயடியாகக் கொல்லவில்லை என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வி என் மனதைப் புண்படுத்திவிட்டது ஐயா. என் தம்பியை நான் கொல்வேனா? மூச்சுக் குழாய் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது, தொட்டேனா? உயிரோடு இருக்கிறான். காது நன்றாகக் கேட்கிறதாம். இனி எந்த ஊருக்கும் போகமாட்டான்.

தம்பி மனைவி மனதில் வைத்திருந்த கேள்வியை நேற்று நீங்கள்தான் சொன்னீர்கள். யார் அடித்தது என்பது இல்லையாம். சட்டம் சரிந்து விழுந்தது என்று நான் சொன்னதை அவள் அப்படியே நம்பியிருந்தாளாம். வலிக்கிறதா என்றுதான் கேட்க இருந்தாளாம். அதற்கு எதற்கு ஓர் இயந்திரம்? என்னிடமே கேட்டிருக்கலாம். சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு முறை அடித்த பிறகும் நானே அவனைக் கேட்டிருக்கிறேன். ஒருநாளும் அவன் ஆமாம் என்று சொன்னதில்லை.