நல்லெண்ணத்துக்கு எத்தினை புள்ளி?

— …ஒண்டிலையிருந்து அஞ்சுக்குள்ளை ஒரு இலக்கம் சொல்லுங்கோ, சூசைதாசன் அண்ணை. இந்தியாவும் அமெரிக்காவும் சிநேகிதமாயிருக்கிறது உங்களுக்கு எவ்வளவு சந்தோசம்?

— பிள்ளை ஜெசிதா, நீ உண்மையாத்தான் கேக்கிறியோ?

— நான் கேக்கேல்லை அண்ணை. இந்தப் போன்தான் கேக்குது. குருநகரிலை நாப்பது வீடு முடிக்கோணும்.

— அவை ரெண்டு பேரும் சிநேகிதம் எண்டால் அவையைக் கேக்கிறதுதானே. எங்களை ஏன்?

— ‘அயலவர் மனநிலை’ எண்டு அறிக்கையிலை ஒரு அத்தியாயம் வருமாம்.

— ரெண்டு பேரும் கலியாணமே கட்டட்டும். சீதனத்துக்கு என்ரை வலையைக் குடுத்தாச்சு.

— அதுக்கு இலக்கம் இல்லை. ஒண்டு எண்டால் ‘ஓரளவு சந்தோசம்’. அஞ்செண்டால் ‘அளவில்லாச் சந்தோசம்’.

— அருவருப்புக்கு எத்தினை?

— அது இதிலை இல்லை.

— பூச்சியமாவது?

— பூச்சியம் அமத்தினால் போன் சிவத்துப்போய் நிண்டிடும்.

— நல்ல சனநாயகம். இஞ்சை பார், செவ்வாய்க்கிழமை வரைக்கும் உது வலை. இப்ப தும்பு. ஒரு பெரிய நாட்டின்ரை இழுவைப் படகு உதுக்கு மேலாலை போனது. மற்றப் பெரிய நாட்டின்ரை காசிலை என்ரை மூத்தவள் முகமாலையிலை கண்ணிவெடி கிண்டினவள். காசு நிண்டுபோச்சு, அவளும் வீட்டிலை. வெடி மட்டும் அங்கைதான் கிடக்குது. அதை ஒருத்தரும் வேலையாலை நிப்பாட்டேல்லை.

— அது எட்டாம் கேள்வி அண்ணை. ‘இந்த நட்பு உங்கள் குடும்பத்தைத் தொட்டுள்ளதா?’ ‘ஆம்’ எண்டு போடுறன்.

— எனக்குக் குமட்டிச் சத்தி வருது பிள்ளை.

— எடுத்துப்போட்டு வாங்கோ, நான் இருக்கிறன். இன்னும் பதினொரு கேள்வி கிடக்குது.

— அற்புதராணி! இந்தப் பிள்ளைக்குத் தேத்தண்ணி குடுத்து அனுப்பு.

— பொறுங்கோ அண்ணை. கடைசியிலை குரல்பதிவு ஒண்டு இருக்கு. முறைப்பாடு எதெண்டாலும் சொல்லலாம். மேலிடத்திலை கேப்பினமாம்.

— மெய்யே?

— ஓம். ஆனால் சும்மா திட்டினால் சரிவராது. வலையை அறுத்த படகின்ரை நம்பர் வேணும். பாத்தனியளோ?

— பட்டப்பகல். கையெட்டிற தூரத்திலை நிண்டது.

— அப்ப சொல்லுங்கோ. பொத்தானை அமத்திட்டன்.

— தேத்தண்ணி என்னாச்சு, அற்புதம்?

— அண்ணை, ஓடுது. சொல்லுங்கோ. படகைப் பிடிச்சால் உங்களுக்கு நட்டஈடு வரும். அதிலை வந்தவங்களையும் உள்ளுக்குப் போடுவினம்.

— நிப்பாட்டு உதை.

— இந்தா, தேத்தண்ணி, பிள்ளை. இஞ்சாருங்கோ, என்ன கதை இது? நம்பரைக் காணேல்லை, ஒரே பனிப்புகார் எண்டெல்லே எனக்குச் சொன்னனியள்?

— நீ உள்ளை போ, அற்புதம்.

— போகமாட்டன். என்ரை சங்கிலியை வித்து வாங்கின வலை. வலையில்லாமல் என்னத்தோடை கடலுக்குப் போவியள்?

— ஆரின்ரையும் படகிலை கூலிக்குப் போறன்.

— கூலிக்கோ? நம்பரைச் சொல்ல வாயில்லை, கூலிக்குப் போக வெக்கமில்லை! அறுத்தவன் உங்களுக்கு என்ன மாமனோ மச்சானோ?

— பிள்ளை, நிப்பாட்டிட்டியோ?

— ஓம் அண்ணை, நிப்பாட்டியாச்சு. இந்தாங்கோ, நீங்களே பாருங்கோ.

— அப்ப கேள், அற்புதம். அவங்கடை இழுவை மடிவலையிலை எங்கடை வலை சிக்கிட்டுது. ஒரு பொடியன் கத்தியோடை குனிஞ்சவன். அறுத்துப்போட்டு நிமிந்தான். என்னைக் கண்டான். “மாமா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ” எண்டு எங்கடை தமிழிலை கத்தினான்.

— ஆர் அவன்?

— உன்ரை அண்ணன்ரை மூத்தவன், மண்டபம் அகதி முகாமிலை பிறந்தவன். “வேலை கிடைச்சிட்டுது மாமி” எண்டு போன கிழமை வாட்ஸ்அப்பிலை உனக்குத்தானே சொன்னவன்?