கேட்டில் கொடுத்த போன்

கும்மிடிப்பூண்டியில் ஷிப்ட் முடிந்து ரயிலேறிய இருவர் என் எதிரில் உட்கார்ந்தார்கள். ஒருவனுக்கு முகம் வெளிறியிருந்தது.

"பன்னெண்டு வார்த்தை நைனா. அத்த படிச்சவன் என் கிரிப்டோ காசு மொத்தத்தையும் தூக்கிடுவான்."

"பாஸ்வேர்டு கீதில்ல?"

"அந்த வார்த்தைங்க தெரிஞ்சா எந்த போன்லருந்தும் அந்தக் காசு கீற என் வாலட்டைத் தொறக்கலாம்."

"எங்க எழுதி வெச்ச?"

"சீட்டுல எழுதி போன் கவருக்குள்ள சொருவிட்டேன்."

"அடப்பாவி! டெய்லி கம்பெனி கேட்ல போனைக் குடுத்துட்டுத்தானே உள்ள போறோம்!"

"சீட்டு உள்ளதான் கீது."

"அப்புறம் இன்னா பயம்?"

"எழுத்து உள்பக்கமா போற மாதிரி மடிச்சேன். இப்போ வெளிய தெரியுது."

"உடனே புது வாலட் போட்டு எல்லாத்தையும் மாத்துடா!"

பொன்னேரி தாண்டியும் அவன் போனைத் திறக்கவில்லை.

"காசு கீதான்னு பாக்கவே பயமா கீது. நீயே தொறந்து பாரேன்."

நண்பன் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை. "காசு போயிருந்தா அப்புறம் என்னையும் சந்தேகப்படுவே."