மூன்றாவது தவளை

மணி பதினொன்றே முக்கால் இருக்கும். ஊரைச் சுற்றிக்கொண்டு போகிற புறவழிச் சாலை. ஒரு பக்கம் கிடங்குகளின் நீளச் சுவர். இன்னொரு பக்கம் ஒன்றுமில்லை... வெறும் இருட்டு. அந்தச் சாலையில் ஒரே ஒரு சின்னக் கார் போகிறது. அதற்குள் ஒரே ஒரு ஆள். அவன் தனியாகத்தான் போகிறான் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தக் கார் மட்டும் அப்படிச் சொல்லவில்லை.

மெழுகுவர்த்தியை நடுவில் தள்ளுங்கள். நெருக்கி உட்காருங்கள்... இடையில் இடம் விட வேண்டாம்.

இது என் அறைத்தோழனின் பெரியம்மா மகனுக்கு நடந்தது. பழைய கார்களை வாங்கி விற்கிற ஒரு யார்டில் அவனுக்கு வேலை. வருகிற வண்டியைப் பார்த்து, ஓட்டி, இது தேறும், இது தேறாது என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் முதலில் பானெட்டைத் திறப்பார்கள். இவன் கதவைத் திறந்து மூச்சை இழுப்பான். வெள்ளத்தில் நின்ற வண்டியா, எண்ணெய் குடிக்கிற வண்டியா, உள்ளே நாய் வளர்ந்த வண்டியா... மோந்தே சொல்லிவிடுவான். அதனால் அவனுக்கு மூக்கன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. "சம்பளம் உனக்கில்லடா, உன் மூக்குக்கு," என்பார் முதலாளி.

அவனுக்குத் தலைகீழ்ப் பாடமாகத் தெரிந்த வண்டி ஒன்று உண்டு. முன்விளக்குகள் உருண்டையாகத் துருத்திக்கொண்டிருப்பதால் எல்லோரும் அதைத் தவளை என்பார்கள். முதலில் வந்த தவளை தகர டப்பாதான். கதவடியில் துரு ஏறும். ஆனால் நாலு பக்கமும் தாராளமாகக் கண்ணாடி. சக்கரத்தில் பட்ட கல் பெரிதா சிறிதா என்று ஸ்டியரிங் பிடித்த கைக்குத் தெரியும். திடீரென்று பிரேக் போட்டால் பெல்ட்கள் இறுகுகிற 'டக்' சத்தம் தெருமுனை வரை கேட்கும். இரண்டாவது தவளை சதை போட்டது. இஞ்சின் அமைதியானது. முன்சீட்டில் பெல்ட் போடாவிட்டால் மட்டும் கத்தும். இப்போது வருகிற மூன்றாவது தவளை பின்சீட்டையும் விடுவதில்லை. ஒவ்வொரு இருக்கைக்கு அடியிலும் எடையை உணர்கிற தகடு. யாராவது உட்கார்ந்து பெல்ட் போடாமல் இருந்தால் திரையில் சிவப்பாக ஒரு சின்ன உருவம் எரியும். பெல் அடிக்கும்.

வண்டி வளர வளர, தனக்குள் யார் இருக்கிறார்கள் என்று அதற்கே தெரிய ஆரம்பித்தது.

அந்த யார்டில் ஒரு வழக்கம். பழைய வண்டியைக் கொடுத்துப் புதியதை எடுப்பவர்கள் வந்தால், இரண்டையும் பக்கம் பக்கமாக நிறுத்துவார்கள். இதன் பின்கதவும் அதன் பின்கதவும் எதிரெதிரே திறந்திருக்கும். குடை, தலையணை, தண்ணீர் பாட்டில்... எல்லாம் இந்தச் சீட்டிலிருந்து அந்தச் சீட்டுக்கு அப்படியே போகும். கீழே வைக்க வேண்டாம், எதுவும் விட்டுப்போகாது.

ஒரு மருந்துக்கடைக்காரரும் மனைவியும் அங்கே பழைய வாடிக்கை. தவளையைத் தவிர வேறு வண்டி ஏற மாட்டார்கள். அவர்கள் முதல் தவளையைக் கொடுத்து இரண்டாவதை எடுத்தபோதே மூக்கன் கவனித்திருந்தான். முன்பக்கம் மருந்து வாசம். பின்சீட்டில், ஓட்டுநருக்குப் பின்னால் இல்லை, மறுபக்கம்... நனைந்த பிஸ்கட் வாசம். பால் புளித்த மாதிரியும் இருக்கும், பவுடர் மாதிரியும் இருக்கும். வீட்டில் சின்னப்பிள்ளை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். சில வருடம் கழித்து இரண்டாவதைக் கொடுத்து மூன்றாவதை எடுக்க வந்தார்கள். அதே இடம். அதே வாசம். பிள்ளை இன்னுமா வளரவில்லை?

"உங்களுக்கு எத்தன பிள்ளைங்க சார்?" என்று பேச்சுவாக்கில் கேட்டான்.

"எங்களுக்குப் பிள்ளைங்க இல்லப்பா," என்றார் அவர்.

கதையில் மூன்றாவது தவளைக்கு வருவோம். எடுத்துப் போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை, திரும்ப யார்டுக்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். கீறல் இல்லை. சீட்டின் பிளாஸ்டிக் உறைகூடப் பாதிக்கு மேல் கிழிக்கப்படவில்லை. ஏன் விற்கிறீர்கள் என்றால், "பெல் அடிக்குது," என்றார் மருந்துக்கடைக்காரர். அவ்வளவுதான். சர்வீஸில் காட்டினீர்களா என்றால், "அவங்க ஓட்டுறப்ப பகல். பகல்ல அடிக்காது."

மாற்று வண்டி எதுவும் வேண்டாம் என்றுவிட்டார். உள்ளே இருந்த குடையைக்கூட எடுக்கவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் வெறுங்கையோடு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போனார்கள். போவதற்கு முன் அந்த அம்மாள் பின்கதவுக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். கையை எடுத்த பிறகும் கண்ணாடியில் ஈரத் தடம் இருந்தது... அதற்குக் கீழே, உள்பக்கமாக, இன்னொரு சின்னத் தடம். பழையதாக இருக்கும் என்று மூக்கன் துடைத்துவிட்டான்.

துடைத்துவிட்டு முதலில் நினைத்தது அவனுடைய அக்காவை.

அக்காவின் வீட்டுக்காரருக்கு வெளியூரில் வேலை. நாலு வயதுப் பாப்பாவை வைத்துக்கொண்டு இவள் தனியாக. பாப்பா பிறந்தபோது விட்ட ஆய்வகப் பரிசோதனை வேலை மறுபடி கிடைத்திருந்தது, ஊருக்கு அந்தக் கோடியில் உள்ள ஆஸ்பத்திரியில். பேருந்து கிடையாது. திங்கட்கிழமை சேராவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். "நீ மோந்து பாத்துச் சரின்னு சொல்ற வண்டியத்தான் வாங்குவேன்," என்று சொல்லிவிட்டு, நாளுக்கு நாலு தடவை போன் அடித்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. வந்த வண்டியெல்லாம் ஏதாவது ஒரு சொத்தை.

இப்போது இது. புத்தம் புது மூன்றாவது தவளை, பாதி விலைக்கு, ஒரே ஒரு பெல் கோளாறு. அந்தக் கோளாறு யார்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தகடு கெட்டால் சும்மாவே அடிக்கும். அதற்கு எல்லோரும் செய்கிற வைத்தியமும் ஒன்றுதான். காலி சீட்டின் பெல்ட்டைக் கொக்கியில் மாட்டிவிட வேண்டும். பெல் வாயை மூடிவிடும். 'அக்கா கொடுத்து வைத்தவள்,' என்று நினைத்துக்கொண்டான்.

ராத்திரியில்தான் அடிக்கும் என்றால் ராத்திரியில்தானே பார்க்க வேண்டும்? தன் வண்டியை, அதுவும் ஒரு பழைய முதல் தவளைதான், யார்டில் விட்டுவிட்டு இதை எடுத்துக்கொண்டு புறவழிச் சாலைக்குப் போனான்.

கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. இஞ்சின் சத்தமே இல்லை. குறை என்றால் ஒன்றுதான், பின்பக்கத் தூண் பருத்துவிட்டதால் ஓரம் மறைக்கிறது. பழையதில் அந்தத் தொல்லை கிடையாது... இப்படித் தனக்குள்ளேயே மார்க் போட்டுக்கொண்டு போகிறான். கிடங்குச் சுவர் தொடங்கிற்று.

டிங்.

திரையில் பின்சீட்டுக்கு மூன்று சின்ன உருவங்கள். இரண்டு சாம்பல். ஒன்று சிவப்பு. ஓட்டுநருக்குப் பின்னால் இல்லை... மறுபக்கம்.

டிங். டிங். டிங்.

ஓரமாக நிறுத்தி இறங்கினான். பின்கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தான். சீட்டு காலி. கையை வைத்து அழுத்தினான். மற்ற இடமெல்லாம் குளிர்ந்திருந்தது. அந்த இடம் மட்டும், யாரோ இப்போதுதான் எழுந்து போன நாற்காலி மாதிரி... வெதுவெதுப்பு. தகட்டுக்குப் போகிற வயர் சூடாகியிருக்கும் என்று சொல்லிக்கொண்டான். பெல்ட்டை இழுத்தான். கொக்கியில் மாட்டினான். கிளிக்.

பெல் நின்றது.

அப்பாடா என்று வண்டியைக் கிளப்பினான். கொஞ்ச தூரம் நிம்மதி. அப்புறம்தான் அந்த வாசம் வந்தது. நனைந்த பிஸ்கட். மெல்ல வந்தது... பின்னாலிருந்து யாரோ மூச்சு விட விட வருகிற மாதிரி, விட்டு விட்டு.

கண்ணாடியை இறக்கினான். காற்று முகத்தில் அறைந்தது. வாசம் போகவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. பிரேக்கை மிதித்தான். வண்டி கிறீச்சிட்டு நின்றது. நாய் போய்விட்டது. மூக்கன் மூச்சை விட்டு, பின்னால் ஏதாவது வண்டி வருகிறதா என்று மேலே கண்ணாடியைப் பார்த்தான்.

பின்னால் வண்டி எதுவும் இல்லை. ஆனால் பெல்ட்...

காலி சீட்டில் மாட்டிய பெல்ட் எப்படி இருக்கும்? சீட்டோடு ஒட்டிப் படிந்து கிடக்கும். இது படிந்திருக்கவில்லை. சீட்டிலிருந்து ஒரு சாண் முன்னால், வளைந்து, விறைப்பாக நின்றது. எதையோ தடுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வளைவு மெதுவாகப் பின்னால் போய்... சாய்ந்துகொண்டது.

அதன் பிறகு அவன் மேலே பார்க்கவே இல்லை. யார்டு வரும் வரைக்கும் கழுத்து திரும்பவில்லை என்று பிற்பாடு சொல்லியிருக்கிறான்.

யார்டில் அவன் வண்டிக்குப் பக்கத்தில்தான் காலி இடம். அங்கேயே நிறுத்தினான். வாட்ச்மேன் கேட்டருகே ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் கொஞ்சம் தெம்பு கொடுத்தது. பெல்ட்டை அப்படியே மாட்டிவிட்டுப் போக அவனுக்கு மனசு வரவில்லை. ஏன் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. கட்டிப்போட்ட மாதிரி இருந்ததாம். பின்கதவைத் திறந்து, கையை மட்டும் நீட்டி, சிவப்புப் பொத்தானை அழுத்தினான். பெல்ட் சட்டென்று சுருண்டு போகவில்லை. மெதுவாக... ஒருவர் தோளைக் குறுக்கிக் கையை உருவிக்கொள்வது போல... போனது.

கதவைத் திறந்தே வைத்தான், காற்றாடட்டும் என்று. அதற்கு எதிரே தன் வண்டியின் பின்கதவைத் திறந்து டார்ச்சையும் பையையும் சீட்டில் வைத்தான். ரேடியோவில் ஓடிய பாட்டு முடியும் வரை அப்படியே நின்றான். பிறகு இரண்டு கதவையும் அடைத்தான்.

திரும்ப ஒருமுறை மூன்றாவது தவளையின் திரையைப் போட்டுப் பார்த்தான். மூன்று உருவமும் சாம்பல்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மூக்கில் அந்த வாசம் ஒட்டிக்கொண்டே வந்தது. சட்டையில் ஏறிவிட்டது என்று நினைத்தான். அந்த ராத்திரியிலேயே சட்டையைத் துவைத்துப் போட்டான்.

சனிக்கிழமை காலை அக்கா பாப்பாவோடு யார்டுக்கு வந்துவிட்டாள். மூன்றாவது தவளையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். முகமெல்லாம் வெளிச்சம்.

"இது வேணாங்க்கா," என்றான் மூக்கன்.

"ஏன்டா? வாசம் வருதா?"

மோந்தான். ஒன்றுமே இல்லை. புது வண்டியின் பிளாஸ்டிக் வாசம்தான்.

"இல்ல."

"இஞ்சினா?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்ப என்னடா? நீயா மோந்து மோந்து நாலு வண்டிய வேணாம்னுட்ட. நாளை விட்டா நாளான்னைக்கு நான் வேலைக்குப் போகணும். என்னைய என்ன, பாப்பாவத் தூக்கிக்கிட்டு ஓடச் சொல்றியா?"

சொன்னால் சிரிப்பாள். சிரித்தால் வாங்கிவிடுவாள். பாப்பாவுக்கான குட்டி சீட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். எங்கே மாட்டலாம் என்று அந்தப் பின்கதவு வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்த்ததும் அவன் தன் பாக்கெட்டிலிருந்த சாவியை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"என் வண்டிய எடுத்துக்கோ. பழசுதான். ஆனா அதுல எனக்குத் தெரியாத ஒரு நட்டு கிடையாது. வேற நல்லது வர்ற வரைக்கும் ஓட்டு. நான் பஸ்ல போய்க்கிறேன்."

அக்கா அவனை ஒரு மாதிரி பார்த்தாள். கோபம் பாதி, கண்ணில் தண்ணீர் பாதி. "லூசுடா நீ," என்று சொல்லிவிட்டுச் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்கும் மறுநாளும் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினான். ஒரு பாரம் இறங்கிவிட்டது.

திங்கட்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மேல் போன் வந்தது. அக்காதான். வேலை முடிந்து, பாப்பாவைக் காப்பகத்திலிருந்து எடுத்துக்கொண்டு, புறவழிச் சாலையில் வந்துகொண்டிருந்தாள். போனை முன்னால் மாட்டி ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். இஞ்சின் சத்தம் அவனுக்குத் தெளிவாகக் கேட்டது. அவன் வண்டியின் சத்தம்.

"வேலை சேந்தாச்சுடா. உன் டப்பா நல்லாத்தான் ஓடுது."

"பாப்பா படுத்துறாளா?"

"சமத்து. பின்னாடி ஏதோ பேசிக்கிட்டே வர்றா. ஒண்ணே ஒண்ணுதான் பிடிவாதம். பக்கத்து சீட்டுக்கும் பெல்ட் போட்டாத்தான் கிளம்ப விடுறா. காலையில போட்டேன், இப்பவும் போட்டேன். என்ன விளையாட்டோ."

மூக்கன் எழுந்து நின்றான்.

"அப்புறம், வண்டிய நல்லாக் கழுவிக் குடுத்திருக்கலாம்ல. பின்னாடி ஒரே பிஸ்கட் வாசம், ஊறிப்போன மாதிரி. நான் இவளுக்கு பிஸ்கட்டே குடுக்கல..."

"அக்கா. வண்டிய நிறுத்து."

"என்னடா?"

"நிறுத்துக்கா. இப்பவே."

அவன் குரலில் என்ன இருந்ததோ, அவள் பதறி பிரேக்கை மிதித்துவிட்டாள். டயர் தேய்கிற சத்தம். முதல் தவளையில் பின்சீட்டுக்கு விளக்கு கிடையாது. பெல் கிடையாது. பழைய பெல்ட்கள் இறுகுகிற சத்தம் மட்டும்தான்.

டக். அது அக்காவுடையது.

டக். அது பாப்பாவுடையது.

கொஞ்சம் தாமதித்து... டக்.