பதின்மூன்று பைகளில் ஒரு புள்ளி

குழுவாகச் சைக்கிள் ஓட்டும்போது கடைசியில் வருகிறவனுக்குத்தான் தூசி அதிகம். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டால் சமாளித்துவிடலாம். பதினோரு வருடமாக நான் அப்படித்தான் கட்டிக்கொண்டு வந்தேன். யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியாது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமைதோறும் மாலை ஐந்தரைக்கு மலையடிவாரத்தில் கூடுவோம். முன்னால் போகிறவர் கேப்டன். கட்டிலும் சோபாவும் விற்கிற கடைக்காரர். கேப்டன் என்பது அவரே தனக்கு வைத்துக்கொண்ட பெயர். காட்டுப்பாதை பிரிகிற இடத்தில் அவர் விரலை நீட்டுவார். அடுத்து வருகிறவர் அங்கே இறங்கி நின்று, பின்னால் வருபவர்களுக்கு வழிகாட்ட வேண்டும். எதுவரை என்றால், கடைசி ஆள் வரும்வரை. கடைசி ஆள் வந்து தலையசைத்தால் எல்லோரும் கடந்தாகிவிட்டது என்று அர்த்தம். தலை எண்ணுகிற பழக்கம் எங்களிடம் இல்லை. என் தலையசைப்புதான் எண்ணிக்கை.

என் பிழைப்பும் ஏறக்குறைய அதுதான். லிஃப்ட் பரிசோதகன். நான் கையெழுத்துப் போட்ட தாளைச் சட்டம் போட்டு உள்ளே மாட்டியிருப்பார்கள். அதை யாரும் படிப்பதில்லை. ஏறிக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். மனிதர்களைப் பற்றி எனக்கு இருக்கிற அபிப்பிராயம் பெரும்பாலும் அங்கே உருவானது.

எங்கள் சைக்கிள் சங்கத்து ஆட்கள் அதை மாற்றவில்லை. ஓட்டுவது ஒரு மணி நேரம். அதற்கு உடுத்திக்கொள்ள ஒன்றரை மணி நேரம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று இவர்களைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள். மேடு வந்தால் இறங்கித் தள்ளுவார்கள். தள்ளி முடித்ததும் கியர் சரியில்லை என்பார்கள். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். சங்கிலி கழன்றால் மாட்டத் தெரியாமல் ஓரமாக நின்று கடைசி ஆளுக்காகக் காத்திருப்பார்கள். நான் மாட்டிக் கொடுப்பேன். கையில் எண்ணெய் படாமல் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஆனாலும் அந்த இடம் என்னுடையது. வீட்டில் என் பேச்சு எடுபடாது, அலுவலகத்தில் என்னைவிடச் சின்னவன் எனக்கு மேலதிகாரி. புதன்கிழமை மாலை மட்டும் பதினான்கு பேரின் உயிர் என் கழுத்தின் அசைவில் இருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. இதை ஒளிக்க நான் விரும்பவில்லை.

பல் டாக்டர் சேர்ந்து இரண்டு வருடம் இருக்கும். பல் அத்தனையும் தெரியச் சிரிப்பார். தொழிலுக்கு விளம்பரம் என்று நினைத்துக்கொள்வேன். இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் பிடிப்பார். அது ஆளைத் தூக்கிப் போடும் என்று மூன்று முறை சொல்லியிருக்கிறேன். மூன்று முறையும் சிரித்தார்.

போன மாதம் கேப்டன் கடையில் கூட்டம் போட்டார்கள். விற்காத சோபாக்களில், பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல், எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் தன் போனை உயர்த்திக் காட்டினார். அதில் ஒரு செயலி. எல்லோரும் ஏற்றிக்கொண்டால் யார் எங்கே இருக்கிறார்கள் என்று வரைபடத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியுமாம்.

"அண்ணன் எதுக்குப் பாவம், பின்னாடியே தூசி தின்னுக்கிட்டு வரணும்? வயசும் ஆச்சு. அவரும் நடுவுல ஜாலியா வரட்டுமே. இனிமே கடைசி ஆளே வேணாம். போனே பார்த்துக்கும்" என்றார்.

கை தட்டினார்கள். வங்கி மேனேஜர் அக்கா, நான்தான் முதலில் தட்ட வேண்டும் என்பதுபோல என்னைப் பார்த்தார். நானும் தட்டினேன். வருகிற புதன்கிழமையோடு சரி என்று முடிவானது. பதினோரு வருடத்துக்கு ஒரு தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள், சங்கத்தின் பெயர் போட்டது. எனக்கு அவமானமாக இருந்தது. வீட்டுக்குப் போய்ச் செயலியை ஏற்றிக்கொண்டேன்.

அந்தப் புதன்கிழமை பதினைந்து பேர் கிளம்பினோம். இருட்டத் தொடங்கியபோது மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தோம். எனக்கு முன்னால் டாக்டர் மட்டும்தான். சரளைக்கல் வளைவில் அவர் முன் பிரேக்கைப் பிடித்தார். நான் போய்ப் பார்த்தபோது சைக்கிளோடு பள்ளத்தில் கிடந்தார். இரண்டு ஆள் ஆழம் இருக்கும். ஒரு கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது.

"அண்ணே, கால் போச்சுண்ணே. நல்லவேளை, நீங்க வந்தீங்க" என்றார்.

அவருடைய போன் மட்டும் பையிலிருந்து தெறித்து, மேலே பாதையில் கிடந்தது. அதைத் தூக்கிப் போடச் சொன்னார். எடுத்தேன், சட்டையில் துடைத்தேன். கீறல்கூட இல்லை. பாதையோரம் ஒரு கல்லின் மேல் வைத்தேன், திரை மேல்பக்கம் பார்க்க. செயலி சரியாக வேலை செய்ய வானம் தெரிய வேண்டும் என்று அவரே எங்களுக்குப் பாடம் எடுத்திருந்தார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"போன் நல்லாத்தான் இருக்கு டாக்டர். அது பார்த்துக்கும்."

சிரித்தார். விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பார். நான் உடனே போய்விடவில்லை. ஒன்பது நிமிடம் அங்கே நின்றேன் என்று, செயலியின் பதிவிலிருந்து எடுத்ததாக நீங்கள் காட்டிய தாளில் இருக்கிறது, சரியாகத்தான் இருக்கிறது. அவர் உயிருக்கு ஆபத்து இருப்பதாக எனக்குப் படவில்லை. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? கிளம்பியபோது கூப்பிட்டார். இரண்டு முறை அண்ணே என்றார். மூன்றாவது முறை சார் என்றார்.

அடுத்த பிரிவில் மேனேஜர் அக்கா வழிகாட்ட நின்றிருந்தார். கையில் போன், யாருடைய பிறந்தநாள் படத்தையோ தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் போயாச்சா?" என்றார், நிமிராமலே.

தலையசைத்தேன். நிமிராதவருக்குத் தலையசைப்பு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஏறிவிட்டார்.

அடிவாரத்தில் கேப்டன், டாக்டர் எங்கே என்று கேட்டார். யாருக்கோ பல்வலியாம், பாதியிலேயே கிளினிக்குக்குத் திரும்பிவிட்டார் என்றேன். அவர் வீட்டிலிருந்தே சைக்கிளில் வருகிறவர் என்பதால் அங்கே கார் எதுவும் மிச்சமாகவில்லை. பல்வலியை வைத்து இரண்டு ஜோக் அடித்தார்கள். பதின்மூன்று பேர் பைகளில் டாக்டர் எங்கே கிடக்கிறார் என்று காட்டுகிற புள்ளி இருந்தது. ஒருவர் எடுத்துப் பார்த்திருந்தால் போதும், நான் பொய்யன் என்று அங்கேயே தெரிந்திருக்கும். நான் அவர்களைத் தடுக்கவில்லை. நியாயமான பரீட்சையாகத்தான் வைத்தேன். எல்லோரும் எடுத்தார்கள், மலையை முதுகுக்குப் பின்னால் வைத்துத் தங்களையே படம் பிடித்துக்கொண்டார்கள்.

எட்டு மணிக்கு டாக்டரின் மனைவி என்னைப் போனில் கூப்பிட்டார்.

"அண்ணா, ரைடு முடிஞ்சிருச்சா? இவர் போனை எடுக்கவே மாட்டேங்கிறார்."

"எப்பவோ முடிஞ்சுதும்மா. கிளினிக்குக்குப் போறேன்னு சொன்னார்."

"அப்ப சரிண்ணா. பல்லைப் பிடிச்சுட்டா போனை எடுக்க மாட்டார்" என்று சிரித்தார். அந்த அம்மாள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

பிறகு எங்கெங்கோ தேடியிருக்கிறார்கள். கேப்டனுக்குச் செயலி ஞாபகம் வர விடியற்காலை நாலரை ஆகியிருக்கிறது. அதைக் கொண்டுவந்தவரைத் தேடும்போதே அது ஞாபகம் வரவில்லை என்றால், அந்தக் கூட்டத்தை என்ன சொல்ல? இரங்கல் கூட்டத்தில், கடைசி ஆள் கட்டாயம் வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். சம்மதித்தேன். நீங்கள் வந்து ஸ்டேஷனுக்கு அழைத்துப்போகும்வரை இரண்டு புதன்கிழமை ஓட்டினேன். ஒருவருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை.

திரும்பிப் போக வேண்டும் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லையா என்று நேற்றுக் கேட்டீர்கள். நான் கல் இல்லை ஐயா, தோன்றியது. எட்டே முக்கால் இருக்கும். சாப்பிட்டுவிட்டுச் செயலியைத் திறந்தேன். புள்ளி வைத்த இடத்திலேயே இருந்தது, பக்கத்தில் அவருடைய சிரித்த முகம். வெளியே தூறல் போட்டது. பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் உங்களிடம் சொன்ன நேரப்படி பார்த்தால், அப்போது அவர் உயிரோடுதான் இருந்திருக்கிறார். ஷூவை மாட்டிக்கொண்டேன். கயிறும் டார்ச்சும் எடுத்து வைத்தேன். அப்போதுதான் யோசித்தேன்: நான் போய்த் தூக்கிக்கொண்டு வந்தால் நாளைக்கு இவர்கள் என்ன சொல்வார்கள்? செயலி இருந்ததால் பிழைத்தார் என்பார்கள்.

ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.