முன்பு இங்கே சாப்பிட்டோம்

உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாக இல்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே, மேடம்? எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரர் ஒரு மூலையில் அடுப்பு வைத்துப் போட்டுக் கொடுப்பதுதானே இது. டீயிலேயே மை வாசனை அடிக்கிறது. அந்த இடம் முன்பு பேக்கரி. ரொட்டி அடுப்பிலிருந்து இறங்கும் நேரத்தில் இந்த ஸ்டேஷன்காரர்கள் கைதியை விட்டுவிட்டு ஓடிப்போய் வரிசையில் நிற்பார்களாம். ஒரு தடவை கைதியும் கூடவே போய் நின்றுவிட்டு, தன் ரொட்டியோடு ஒழுங்காகத் திரும்பி வந்தானாம்.

இந்த ஊரில் எந்தக் கட்டடத்தைக் கை காட்டினாலும் அங்கே முன்பு என்ன சமைத்தார்கள் என்று சொல்லிவிடுவேன். அது என் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் 'முன்பு இங்கே சாப்பிட்டோம்' என்று ஒரு பத்தி வருமே, அதை எழுதுவது நான்தான். மூடிப்போன உணவகங்களைப் பற்றி, அந்தக் கட்டடங்கள் இப்போது என்ன ஆகியிருக்கின்றன என்பதைப் பற்றி எழுதுவேன். நீங்கள் படித்ததில்லை என்றீர்கள். பரவாயில்லை, உங்கள் வேலையில் ஞாயிற்றுக்கிழமை ஏது.

என் தங்கை கடையில் நடந்ததைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் நடுவிலிருந்து ஆரம்பித்தால் என்னைப் பற்றித் தப்பாக நினைத்துவிடுவீர்கள். முதலிலிருந்தே வருகிறேன்.

நான் எழுதிய முதல் பத்தி, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஆம்லெட் கடையைப் பற்றியது. கடைக்காரருக்கு முட்டி தேய்ந்துபோய், மகள் வந்து தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். கூட்டம் அலைமோதிக்கொண்டிருக்கும்போதே கடையை மூடிவிட்டார். இப்போது அங்கே டயர் விற்கிறார்கள். பத்தி வெளிவந்த அன்று பத்திரிகை அலுவலகத்தில் தொலைபேசி ஓயவில்லை. அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர்கள்கூட அழுதார்கள். கடைக்காரரே என்னைக் கூப்பிட்டார். "கடை இருக்கிறப்போ ஒருத்தரும் நல்லாயிருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல தம்பி. நான் அவ்வளவு நல்லாவா சமைச்சேன்?" என்று தழுதழுத்தார்.

அடுத்தது மார்க்கெட் முனையில் அண்ணன் தம்பி இரண்டு பேர் நடத்திய வறுத்த மீன் கடை. ஒரு காலத்தில் அங்கே உட்கார இடம் கிடைக்காது. பிறகு மீன் மெலிந்து, மேலே பூசிய மாவு கொழுத்தது. கூட்டம் கரைந்தது. இரண்டு பேரும் வெகுகாலம் ஈ ஓட்டிவிட்டு, கடைசியில் பூட்டைத் தொங்கவிட்டார்கள். இப்போது அங்கே ஒரு பல் டாக்டர் இருக்கிறார். முன்பைவிட அதிகம் பேர் அந்த இடத்தில் வாயைத் திறக்கிறார்கள் என்று எழுதினேன். உயிரைக் கொடுத்து எழுதிய பத்தி அது. ஒரு ஈ காக்கை கூப்பிடவில்லை. ஆசிரியர் மட்டும் கூப்பிட்டு, "அந்தக் கடையை எதுக்குய்யா எழுதினே? அங்க சாப்பிட்டுட்டு நான் ஒரு வாரம் படுத்துக் கிடந்தேன்" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. ஆம்லெட்காரரைவிட மீன்காரர்கள் நல்ல சமையல்காரர்கள், மேடம். ஆனால் அவர்களுக்கு எப்போது நிறுத்துவது என்று தெரியவில்லை. யாருக்கும் தெரிவதில்லை. பக்கத்தில் ஒருவன் இருந்து எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்லியும் கேட்காவிட்டால் கொஞ்சம் ஒத்தாசை செய்ய வேண்டும்.

முதல் ஒத்தாசை நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடைக்கு. இரண்டு சிநேகிதர்கள் கூட்டாக நடத்தியது. அவனைப் பற்றி இவனிடம் ஒரு வார்த்தை, இவனைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை, அவ்வளவுதான் என் பங்கு. மற்றதை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். எதிரிலேயே நீதிமன்றம் இருந்தது வசதியாகப் போயிற்று. இப்போது அந்தக் கட்டடம் உடற்பயிற்சிக் கூடம். முன்பு சாப்பிட்டுக் கொழுத்தவர்களே இப்போது அங்கே நின்ற இடத்தில் ஓடுகிறார்கள். அந்தப் பத்தியை மக்கள் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டார்கள். சிநேகிதர்கள் இன்றுவரை ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. வருத்தம்தான்.

அடுத்து, நூலகத்தை ஒட்டிய சந்தில் கோழி சூப் கடை வைத்திருந்த அக்கா. கணவர் போன பிறகு ஒண்டியாக நின்று, இரண்டு பெண்களைப் படிக்கவைத்தவர். எல்லாருக்கும் அவர் சந்து அக்கா. அவர் கடைக்கு ஒரு சாக்குப்பையில் எலிகளைக் கொண்டுபோனேன். எலியைப் பிடிப்பதுதான் சிரமம், விடுவது சுலபம். பிறகு சுகாதார அதிகாரிக்கு ஒரு போன். இப்போது அங்கே செல்போனுக்கு உறை விற்கிறார்கள். பத்தி வந்ததும் அக்கா பத்திரிகை அலுவலகத்துக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊரே காறித் துப்பினப்போ நீ ஒருத்தன்தான் தம்பி எனக்காக நாலு நல்ல வார்த்தை எழுதினே. நீ நல்லா இருக்கணும்" என்றார். நான் நெகிழ்ந்துபோனேன், மேடம். அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவே தோன்றவில்லை.

ஆனால் அந்த அக்காதான் என் காலை வாரிவிட்டார். ஒரு தொழிற்சாலை கேண்டீனில் சமையல் வேலைக்குச் சேர்ந்தார். அண்டா அண்டாவாக, கிடைத்ததைப் போட்டு வைக்கும் சூப். கழுவிய தண்ணீர் மாதிரி இருந்ததாம். "இந்தம்மா சமையலையா அந்த ஆளு ஆகா ஓகோன்னு எழுதினான்?" என்று பேசிக்கொண்டார்கள். கடையை மூடினால் மட்டும் போதாது என்று அப்போது தெரிந்துகொண்டேன். கை இருக்கிறதே, அது வேறெங்காவது போய்ச் சமைத்துக்கொண்டே இருக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் எப்படியும் என் அலமாரியைப் பார்த்துவிட்டீர்கள். ஒவ்வொரு கடையிலிருந்தும் ஞாபகார்த்தமாக ஒரு பொருளை எடுத்து வைத்துக்கொள்வேன். ஆம்லெட் கடைத் தோசைத்திருப்பி, மீன் கடை உப்புக் குப்பி, சந்து அக்காவின் மூடி உடைந்த கிண்ணம். எடுத்து வைத்துக்கொண்டால்தான் எனக்கு எழுத வரும். எழுதுகிறவர்களுக்கு இந்த மாதிரி ஏதாவது கிறுக்கு இருக்கும்.

இனி என் தங்கை. அவள் டீச்சர் வேலையை உதறிவிட்டு, மாப்பிள்ளையோடு சேர்ந்து அந்த மீன் சூப் கடையைத் தொடங்கினாள். அவள் இளமை முழுக்க அந்த அடுப்பங்கரையில்தான் போனது. மகளைச் சமையல் கல்லூரியில் சேர்த்திருந்தாள். படிப்பு முடிந்ததும் மகள் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு, தான் கல்லாவில் காலை நீட்டிக்கொண்டு உட்காரப் போவதாகச் சொல்லிக்கொண்டே இருப்பாள். அதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது.

கடையின் உயிர் அங்கிருந்த சமையல்காரர். சூப்பண்ணன் என்று கூப்பிடுவோம். சூப் தயாரானதும், சமையலறை ஜன்னல் திட்டில் இருக்கும் பித்தளை மணியை ஒரு தட்டு தட்டுவார். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு வாய் ஊறும். மீன் தலையை எனக்கென்று தனியாக எடுத்து வைப்பார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும், மேடம். இதை நீங்கள் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒருநாள் மதியம் சூப்பை வாயில் வைத்தேன். உப்புக் கரித்தது. வேறு யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். என் நாக்கிடம் எதுவும் தப்பாது. சூப்பண்ணனுக்கு வயதாகிவிட்டது, கை தடுமாற ஆரம்பித்துவிட்டது என்று புரிந்தது. மீன் கடை அண்ணன் தம்பிகள் கண் முன்னால் வந்து நின்றார்கள். என் தங்கைக்கு அந்தக் கதி வரக்கூடாது.

அடுத்த தடவை போனபோது பக்குவமாகத்தான் ஆரம்பித்தேன். "பேசாம இந்த வருஷத்தோட கடையை நிறுத்திடுங்க. நல்ல பேரு இருக்கு, அதோட போயிடலாம்."

மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். "என்ன மச்சான், இந்த வாரம் எழுத ஒண்ணும் சிக்கலையா?"

"அண்ணே, சூப்பு ஆறுது. வாயை வச்சுக்கிட்டுச் சும்மா சாப்பிடு" என்றாள் தங்கை.

ஜன்னலுக்குப் பின்னாலிருந்து சூப்பண்ணன் எட்டிப் பார்த்தார். "நான் கரண்டியைக் கீழ வைக்கிறப்போ முதல்ல உங்களுக்குத்தான் சொல்லுவேன். போதுமா?" என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

அந்த நாளைப் பற்றி உங்களுக்கே தெரியும். மதியம் அங்கே சாப்பிட்டேன். நன்றாக இருந்தது, அதை மறுக்கவில்லை. எழுந்து வரும்போது மணியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். வெளியே வரும்போது சூப்பண்ணன் மணியைக் காணாமல், "யாராவது வந்து எடுத்துட்டுப் போங்கப்பா" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டுக்கும் மாலைக்கும் நடுவே கடையைச் சாத்திவிட்டுத் தங்கையும் மாப்பிள்ளையும் வீட்டுக்குப் போவார்கள். அவசரத்துக்கென்று தங்கை என்னிடம் ஒரு சாவி கொடுத்து வைத்திருந்தாள். உள்ளே போய் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டு, நெருப்பு பற்றிக்கொண்டதைப் பார்த்துவிட்டு வந்தேன். நீங்கள் கேட்ட தீ அதுதான். நான் வைத்ததுதான்.

உள்ளே ஆள் இருப்பது தெரியாது என்று நேற்று சொன்னேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். சூப்பண்ணன் மதியத்தில் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறையில் வெங்காய மூட்டை மேல் சாய்ந்து தூங்குவார். அது ஊருக்கே தெரிந்த விஷயம், குறட்டை சந்து வரைக்கும் கேட்கும். பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தபோது கதவருகே அவருடைய செருப்பு கிடந்தது. புதுச் செருப்பு. என் தங்கை மகள் வாங்கிக் கொடுத்தது. எரிந்துபோனால் பிள்ளை வருத்தப்படுவாளே என்று அதை எடுத்துப் பக்கத்து வீட்டுச் சுவரோரமாக ஜோடியாக வைத்தேன். அது எப்படி அங்கே போனது என்று குழம்பினீர்களாமே. அவ்வளவுதான் விஷயம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே. "நல்ல பேரோட போயிட்டாரும்மா. அவருக்கும் கை தடுமாற ஆரம்பிச்சிருச்சு. அன்னைக்கு சூப்புல உப்பு கரிச்சுதே" என்றேன்.

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அது நான் வச்ச சூப்புண்ணே. அன்னைக்கு அவருக்குக் காய்ச்சல், வரல. சொன்னா நீ கிண்டல் பண்ணுவியேன்னுதான் சொல்லல."

அந்த இடத்தில் நான் ஆடிப்போய்விட்டேன் என்பது உண்மை. தங்கை கைப்பக்குவத்தையும் சூப்பண்ணன் கைப்பக்குவத்தையும் என் நாக்கு பிரித்துப் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்துவிட்டு இப்படி ஒரு தவறா? அதற்காக வெட்கப்படுகிறேன், மேடம். அதை வாக்குமூலத்தில் சேர்க்கத்தான் வேண்டுமென்றால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பத்தியில் போட சூப்பண்ணன் படம் ஒன்று தங்கையிடம் கேட்டிருந்தேன். அதைக் கொடுக்க என் வீட்டுக்கு வந்தவள் அலமாரியில் மணியைப் பார்த்தாள். சமையலறையில் எதுவுமே மிஞ்சவில்லை, மணி மட்டும் பளபளவென்று இங்கே இருக்கிறது. ஒரே ஒரு தடவை அதைத் தட்டினாள். வெளியே போய் உங்களுக்குப் போன் செய்தாள். அதற்குப் பிறகு என்னைப் பார்க்க வரவில்லை. கோபம் ஆறியதும் வருவாள். அந்த இடத்தை இடித்துவிட்டு வண்டி நிறுத்தும் இடம் ஆக்கப்போகிறார்களாமே, உண்மையா? தெரிந்தால் சொல்லுங்கள். கடைசிப் பாரா அதை வைத்துத்தான் எழுத வேண்டும்.

நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினீர்கள். எல்லாம் சரிதான், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வரி மட்டும் மாற்ற வேண்டும். அவர் தப்பித்துவிடக்கூடாது என்று பின்கதவை வெளியே தாழிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அன்று நல்ல காற்று, மேடம். கதவு படார் படாரென்று அடித்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அடுப்படியில் நின்ற மனுஷன், தூக்கம் கெட்டுவிடப்போகிறதே என்றுதான் தாழ்ப்பாளைப் போட்டேன்.