கடைசிப் பக்கத்து முகம்

– மூஞ்சி எங்க பாப்பா?

– வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுட்டியா? முதல்ல செருப்பைக் கழட்டுண்ணே. தரையெல்லாம் பக்கம் காயுது.

– கடைசிப் பக்கத்துல மூஞ்சி எங்கன்னு கேக்குறேன்.

– இப்படிக் கழுத்தைத் திருப்பி ஓரக்கண்ணால பாத்தா எது தெரியும்?

– நேராப் பாத்தா ஒண்ணுமே தெரியல, அதான் திருப்புறேன். ஓரத்துல கொஞ்சம் பார்வை மிச்சம் இருக்கு. அந்த மிச்சத்துக்கே தெரியுது. நம்ம படக்கதை ஹீரோ சவக்காவலன் முகமூடியைக் கழட்டுறான். உள்ள வெறும் மை. கண்ணில்ல, வாயில்ல, தார் பூசின சுவர் மாதிரி.

– நல்லாத்தானே இருக்கு! பத்திரிகை ஆசிரியர் போன்ல குதிக்கிறாரு. முகமே இல்லாத முகமாம், அவருக்குப் புல்லரிச்சுடுச்சாம்.

– ஓ. அப்ப அவரு சொல்லித்தான் செஞ்சியா?

– என்னண்ணே பேசுற?

– சொல்றேன் கேளு. மூணு மாசமா அந்த ஆளு முகத்தைக் காட்டாதீங்க, காட்டாதீங்கன்னு கெஞ்சிட்டு இருந்தாரு. நான் முடியாதுன்னேன். இப்ப பாத்தா உன் பிரஷ் வழியா காரியத்தை முடிச்சுட்டாரு.

– அடப்பாவி. பதினோரு வருஷமா நீ பென்சில்ல கிறுக்குறதுக்கு மேல மை போடுறேன். அவன் அங்கியில ஒட்டியிருக்கிற ஒவ்வொரு அந்துப்பூச்சிக்கும், ஒவ்வொரு றெக்கைக்கும், ஒத்தை முடி பிரஷ்ல கண்ணு வெச்சிருக்கேன். உன் கோட்டைத் தாண்டி ஒரு புள்ளி வெச்சிருப்பேனா?

– வெச்சதில்ல.

– கதையை யாரு படிக்கிறா? அந்த அங்கி மடிப்பைப் பாத்துட்டே இறங்குற ஸ்டாப்பை விட்டவங்கதான் நமக்குக் கடுதாசி போடுறாங்க. பயந்துட்டோம், ஆனா பக்கத்தைத் திருப்ப மனசு வரலன்னு எழுதுறாங்க. அதைக் கெடுப்பேனா நானு?

– சரி. கறுப்பு நிரப்பணும்னா நான் என்ன பண்ணுவேன்?

– குட்டியா பெருக்கல் குறி போடுவே.

– அந்த மூஞ்சியில குறி இருந்துச்சா?

– இல்ல. தேய்ச்சு வெச்சிருந்தே.

– என்னது?

– பென்சிலைப் படுக்க வெச்சு இழுத்த மாதிரி, சாம்பலா. கண்ணைப் பாத்தா கண்ணு மேல இருந்துச்சு. வாயைப் பாத்தா வாய் மேல. பாவம், குறி போடக் கூடக் கண்ணு தெரியல போல, அதான் அண்ணன் மொத்தமா தேய்ச்சுட்டான்னு நெனச்சேன். அழுதுட்டேதான் மை போட்டேன், போதுமா?

– நான் தேய்க்கல பாப்பா.

– கைபட்டுக் கலைஞ்சிருக்கும்.

– இருக்கும். என் கையை நானே பாக்க முடியாதப்ப நான் எதைச் சத்தியம் பண்ண?

– சுரண்டிப் பாக்கட்டுமா? புது பிளேடு இருக்கு.

– தாள்தான் கிழியும். இருபத்தாறு நாள் வரைஞ்ச மூஞ்சி அது. ஒரு நாளைக்கு ஒரு இமை, ஒரு நாளைக்கு ஒரு சுருக்கம். இனி என்னால ஒரு முட்டை கூட வரைய முடியாது. கடைசியா அது ஒண்ணு போதும்னு இருந்தேன்.

– எப்படி இருந்துச்சுண்ணே? நிஜமான மூஞ்சி?

– பயப்பட ஒண்ணுமில்ல. பஸ்ல நம்ம தோள்ல சாஞ்சு தூங்குற ஆளு மாதிரி. பதினோரு வருஷம் பிணவறையிலிருந்து எந்திரிச்சு வந்து ஊரைக் காப்பாத்துனவன், கழட்டிப் பாத்தா வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போறவன். அதான் பயம்.

– அந்த மூஞ்சியைத்தானா நான் மையால மூடினேன்?

– அப்பாவுக்கு நாப்பதுல கண்ணு போச்சு. எனக்கு முப்பத்தெட்டுலயே. டாக்டர் ரத்தத்துல ஓடுறதுங்கிறாரு. என்னைக்காவது பார்வை நின்னுடும்னு நெனச்சேன், அதுக்குள்ள முடிச்சுடணும்னு அவசரப்பட்டேன்.

– அண்ணே, நீ சொல்லு. நான் வரையிறேன்.

– என்ன?

– இமை எங்க, சுருக்கம் எங்கன்னு ஒவ்வொண்ணா சொல்லு. அச்சுக்கு நாளைக்குக் காலையிலதான் போகுது. உன் கோட்டை என் கைக்குத் தெரியாதா? இந்த ஒரு பக்கம் மட்டுமில்ல. அடுத்த மாசமும் சொல்லு. சொல்லிட்டே இரு.

– உன்னால முடியுமா?

– ஆமா, பெரிய வித்தை. உனக்குக் கண்ணில்லன்னா எனக்குமா இல்ல? தாளை எடு.

– இரு, புதுக் கட்டு பிரிக்கிறேன். இதோ. மேல இருந்து முதல் தாள். நெத்தியில ஆரம்பி. அகலமா, ஆனா களைச்ச நெத்தி.

– ம்.

– என்ன ம்? பென்சிலைத் தாள்ல வை.

– வேற தாள் குடுண்ணே. இதுல நடுவுல ஏற்கெனவே தேய்ச்சு வெச்சிருக்கே.